நானூற்றுப் பதினேழின் இடது பக்கம்

பெருமதிப்பிற்குரிய சகலை அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் தங்கள் மனைவியின் அக்காவும் சுகம். அங்கு தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் அக்காவும் தங்கையும் தினமும் காலை பதினோரு மணிக்கு ஃபோனில் உட்கார்ந்தால் பன்னிரண்டரைக்குத்தான் எழுந்திருக்கிறார்கள். ஆகையால் தங்கள் முழங்கால் வலி, புதுக் கண்ணாடி, குளியலறைக் குழாய் ஒழுகுவது, அதைச் சரிசெய்ய வந்த ஆளுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியவில்லை என்று தாங்கள் அவரைத் திருப்பி அனுப்பியது எல்லாமே எனக்கு அன்றன்றைக்கே தெரிந்துவிடுகின்றன. எனவே நல விசாரிப்பை இத்துடன் நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நாம் இருவரும் பேசிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. இதைச் சமாதானக் கடிதம் என்று தாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். இது முழுக்க முழுக்க அலுவல் சம்பந்தப்பட்டது. நம் ரயில்வே டீசல் ஷெட் தொடங்கி இந்த வருடத்தோடு ஐம்பது வருடம் முடிகிறது. அதையொட்டி ஓய்வுபெற்ற ஊழியர் சங்கத்தின் முன் அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்து, அதற்குள் நாம் எல்லோரும் உழைத்த டீசல் எஞ்சினின் சின்ன மாதிரி ஒன்றை நிறுத்துவது என்று பொதுக்குழுவில் முடிவாகியிருக்கிறது. நிஜ எஞ்சினை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கிய அளவு, அதாவது ஏறக்குறைய ஒரு சாண். இரண்டு மாதிரிகள் போட்டிக்கு வந்திருக்கின்றன. ஒன்று, சின்ன ரயில்கள் செய்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு பெரிய கம்பெனியுடையது. மற்றொன்று, கடைத்தெருவில் மாடியில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் நான்கு வருடமாக ஓய்வு நேரத்தில் தன் கையாலேயே செய்தது. இரண்டில் எது அசலுக்கு நெருக்கம், எது தரம் என்று ஒப்பிட்டு அறிக்கை கொடுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். நானும் தலையாட்டிவிட்டேன். தலையாட்டிய பிறகுதான் செயலாளர் மெதுவாக ஆரம்பித்தார்.

"அறிக்கையில ரெண்டு கையெழுத்து வேணும் ஐயா."

"அதனால என்ன, என் கையெழுத்தையே ரெண்டு தடவ போட்டுடறேன்."

"ரெண்டு பேரோட கையெழுத்து. சங்க விதி. டாக்டர் செஞ்சிருக்கறது நம்ம நானூத்திப் பதினேழாம் நம்பர் எஞ்சின. அதுல உங்க அளவுக்கு வேல பார்த்தவர் இன்னும் ஒருத்தர்தான் இருக்கார்."

"யாரு?"

"யாருன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். அதனால்தான் இக்கடிதம். இத்துடன் பதினோரு பக்க அறிக்கையை இணைத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தின் கீழே பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். தாங்கள் அந்த இடத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும், படிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

பழைய கதையைக் கிளறுவது என் நோக்கமல்ல. ஆனால் கையெழுத்துக் கேட்கிற இடத்தில் ஒளிவுமறைவு இருக்கக் கூடாது என்பதால் ஒரே ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். அன்று அந்தப் பெருமழையில் நானூற்றுப் பதினேழு நட்டநடுவழியில் நின்றுபோய், அறுநூறு பயணிகள் ஐந்து மணி நேரம் ஜன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் எஞ்சினின் மின் அலமாரிக்குள் தண்ணீர் புகுந்தது, அந்த அலமாரியைக் கடைசியாகத் திறந்து வேலை பார்த்தவர் தாங்கள், கதவைச் சரியாக மூடாவிட்டால் தண்ணீர் புகும், தண்ணீர் புகுந்திருந்தது, விசாரணையில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், நமக்குள் இருந்த உறவையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, "தண்ணீர் உள்ளே போக அந்தக் கதவைத் தவிர வேறு வழியே கிடையாது" என்று மனதில் பட்டதைச் சொன்னேன், அது இன்றும் கோப்பில் இருக்கிறது, தாங்கள் "கதவ மூடினேன்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள், அதற்கு மேல் தங்கள் தரப்பில் ஒன்றும் இல்லாததால் அதிகாரிகள் ஒரு முடிவுக்கு வந்தார்கள், தங்களுக்கு வர வேண்டிய ஃபோர்மேன் நாற்காலி எனக்கு வந்தது, நான் போய்க் கேட்கவில்லை, அதுவாக வந்தது, தங்களை நூறு மைல் தள்ளி இருக்கிற ஷெட்டுக்கு மாற்றினார்கள், என் மகள் கல்யாணப் புகைப்படத்தில் தாங்கள் இடது ஓரம், நான் வலது ஓரம், நடுவில் நாற்பத்திரண்டு பேர். ஒரே வரி என்று சொன்னேன், கொஞ்சம் நீண்டுவிட்டது.

இனி ஒப்பீட்டுக்கு வருகிறேன். முதலில் கம்பெனிக்காரனுடையது. அதன் அட்டைப் பெட்டியைத் திறக்கவே எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. உள்ளே இருந்த எஞ்சினைச் சாப்பாட்டு மேசைமேல் நிறுத்தி, ஷெட்டில் நாம் தினசரிப் பரிசோதனைக்கு வைத்திருந்த அதே படிவத்தில் குறிக்க ஆரம்பித்தேன். அந்தப் படிவம் ஒரு கட்டு என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, எப்படி வந்தது என்று கேட்க வேண்டாம். 'எண்ணெய்க் கசிவு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுத வேண்டியதாயிற்று. முப்பத்தொரு வருட சர்வீஸில் அந்தக் கட்டத்தில் நான் 'இல்லை' என்று எழுதியதே கிடையாது. 'கசியாத டீசல் எஞ்சினை நம்புவதற்கில்லை' என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் சேர்த்தேன். பிறகு வெர்னியர் வைத்து நீளம் பார்த்தேன். மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. நிஜ எஞ்சினில் அது மூன்று சென்டிமீட்டர். அந்த மூன்று சென்டிமீட்டரை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. ஏறுவதற்குப் பிடித்துக்கொள்ளும் கம்பியின் கனத்தை எண்பத்தேழால் பெருக்கினால் என் தொடையின் கனம் வருகிறது. மஞ்சள் பட்டை ஜன்னலுக்குக் கீழே ஓட வேண்டியது, ஜன்னலுக்குள்ளேயே ஏறிவிட்டது. உள்ளே ஒரு டிரைவர் பொம்மை உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கண், மூக்கு, வாய் ஒன்றும் இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், பிரேக் மேல் கை இல்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சிக்னல் சிவப்பாக இருந்தால் இவன் என்ன செய்வான் என்று படிவத்திலேயே கேட்டு எழுதியிருக்கிறேன்.

இந்த எஞ்சினுக்குச் சத்தமும் உண்டு. ஒரு பொத்தானை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகிற மாதிரி உறுமிவிட்டு, பிறகு நின்ற இடத்திலேயே ஓடுகிற சத்தம் வருகிறது. காதைக் கிட்டத்தில் வைத்துக் கேட்டேன். ஐந்தாவது சிலிண்டர் தட்டுகிறது. சந்தேகமே இல்லை, தாங்கள் கேட்டாலும் அதையேதான் சொல்வீர்கள். 'சீர்செய்யும்வரை ஓட்டக் கூடாது' என்று படிவத்தில் சிவப்பு மையால் எழுதி எஞ்சின்மேல் ஒட்டினேன். ஓட்டக் கூடாது என்று எழுதியவன்தானே சீர்செய்யவும் வேண்டும்? பிரித்தேன். உள்ளே ஐந்தாவது சிலிண்டர் இல்லை. முதல் நான்கும் இல்லை. கட்டைவிரல் அளவு ஒரு மோட்டாரும் ஒரு ஸ்பீக்கரும்தான் இருந்தன. திரும்பச் சேர்த்தபோது ஒரு திருகாணி மிஞ்சியது, நம் ஷெட்டில் மிஞ்சாத நாள் உண்டா என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பிரேக் பிடித்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பார்ப்பதற்காகத் தண்டவாளத்தை மேசை முழுக்கப் போட்டு ஓட்டினேன். நான் கிழக்குப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிற்க, அது மேற்குப் பக்கம் போய், மேசை விளிம்பைத் தாண்டி, என் வீட்டுக்காரி சோப்புத் தண்ணீரில் துணி ஊறவைத்திருந்த வாளிக்குள் இறங்கியது. மிதக்கவில்லை. அன்றிலிருந்து அது பின்பக்கமாக மட்டும்தான் ஓடுகிறது, ஆனால் முன்விளக்கு நன்றாக எரிகிறது. 'இயக்கம்: திருப்தி' என்று எழுதியிருக்கிறேன், ஏனென்றால் வாளிக்கு முந்தைய நிலவரத்தைத்தான் அறிக்கை சொல்ல வேண்டும்.

"சாப்பாட்டு மேசைல எஞ்சின், துணி வாளில எஞ்சின்," என்றாள் தங்கள் மனைவியின் அக்கா. "முப்பது வருஷம் நீங்க ஷெட்டுக்குப் போனீங்க. இப்ப ஷெட்டு இங்க வந்துடுச்சு."

ஒன்பது நாளாக நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறோம். இதுவும் இந்நேரம் பதினோரு மணி ஃபோனில் தங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும்.

அடுத்தது பல் டாக்டருடையது. நியாயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும், முதலில் பார்த்தபோது நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நானூற்றுப் பதினேழு அப்படியே சுருங்கி என் மேசைமேல் நிற்பது போல இருந்தது. பிடிகம்பிகள் தலைமுடி கனத்தில், வளைய வேண்டிய இடத்தில் வளைந்து. படிக்கட்டில் கால் பட்டுத் தேய்ந்த இடம் தேய்ந்தே இருக்கிறது. எண்ணெய் ஊற்றுகிற வாய்க்குக் கீழே ஒழுகிய கறை. ஆம், கறை. அந்தக் கட்டத்தில் 'உண்டு' என்று எழுதியபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? எல்லாம் பல் குடைகிற ஊசியாலும் பல் தேய்க்கிற சக்கரத்தாலும் செய்தது என்றார்கள். மதிப்பெண் போட்டுக்கொண்டே வலது பக்கம் முடித்தேன், தொண்ணூற்றெட்டு. பிறகு எஞ்சினைத் திருப்பி இடது பக்கம் பார்த்தேன். பார்த்த உடனே பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

இடது பக்கத்தில் மின் அலமாரிக்குக் காற்றுப் போவதற்காக, சாய்வான தகடுகளை வரிசையாக அடுக்கிய ஒரு தட்டி இருக்கும், லூவர் என்போமே, அது. அந்தத் தகடுகள் வெளிப்பக்கம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் காற்று உள்ளே போகும், மழை வெளியே வழியும். இதைத் தங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பல் டாக்டர் அதைத் தலைகீழாக வைத்திருக்கிறார். தகடுகள் ஒவ்வொன்றும் தண்ணீருக்கு உள்ளங்கையை நீட்டுவது மாதிரி மேல்நோக்கி இருக்கின்றன. இது போதாதென்று, தட்டிக்கு மேலே புருவம் வைத்தது போல ஒரு சின்னத் தகடு, அதில் ஏழு ரிவெட் ஆணி. எந்த வரைபடத்திலும் இல்லாத தகடு. நானும் மூன்று வரைபடங்களை எடுத்துப் பார்த்துவிட்டேன், மூன்றிலும் புருவம் கிடையாது.

பிழை என்று வாயால் சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டும் என்பது என் கொள்கை. அந்தத் தட்டியின் தகடுகளை டாக்டர் நிஜமாகவே குடைந்து திறந்து வைத்திருந்தது வசதியாகப் போயிற்று. காதுக்கு மருந்து விடுகிற சொட்டுக்குழாயில் தண்ணீர் எடுத்து, மேலிருந்து பத்துச் சொட்டு விட்டேன். புருவத் தகட்டில் பட்டு ஏழு சொட்டு வெளியே போனது. சாரல் அடிக்கிற மாதிரி பக்கவாட்டில் பத்துச் சொட்டு விட்டேன். நான்கு உள்ளே போனது. புருவத்துக்குக் கீழே சொட்டுக்குழாயை நீட்டி, அது இல்லையென்று வைத்துக்கொண்டு பத்துச் சொட்டு விட்டேன். ஒன்பது உள்ளே. எண்பத்தேழால் மூன்று தடவை பெருக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தால், இப்படி ஒரு எஞ்சின் நல்ல மழையில் நின்றால் பத்தே நிமிடத்தில் மின் அலமாரி குளமாகிவிடும், கதவு மூடியிருந்தாலும் சரி, திறந்திருந்தாலும் சரி. இதை அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். 'கம்பெனியின் பிழைகள் அறியாமையால் வந்தவை. டாக்டருடையது அப்படியல்ல. இவர் ஒரு பிழையைத் தானாகச் செய்து, அதை மறைக்க ஒரு தகட்டையும் தானாகக் கண்டுபிடித்திருக்கிறார். எங்கள் ஷெட்டில் இப்படிப்பட்ட வேலையைச் செய்யக்கூடிய ஒரு முட்டாள்கூட இருந்ததில்லை' என்று முடித்திருக்கிறேன். இந்த வாக்கியத்தைத் தாங்களும் ஆமோதிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், என் கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டிருப்பதும் அதே டாக்டர்தான். நான்கு தடவை போக வேண்டிய சிகிச்சையில் மூன்றாவது தடவை செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்குள் செயலாளர் ஏழாம் பக்கத்தை அவரிடம் காட்டிவிட்டிருக்கிறார். நான் போய் நாற்காலியில் சாய்ந்து, மரத்துப்போக ஊசியும் போட்டாயிற்று. வாய்க்குள் பஞ்சு, உறிஞ்சுகுழாய், அவர் கை, கண்ணாடி எல்லாம் போன பிறகுதான் அவர் பேச்சை எடுத்தார்.

"ஐயா, நான் எதையும் நானா சேர்க்கல. அங்க என்ன இருக்கோ அதத்தான் செஞ்சேன்."

"ஆ," என்றேன்.

"ஸ்டேஷன் முன்னால மேடை கட்டி நிஜ எஞ்சின நிறுத்தியிருக்காங்கல்ல, அதோட இடது பக்கம் பஸ் டிப்போ சுவத்த ஒட்டி இருக்கு. யாரும் போக மாட்டாங்க. நான் ஆறு ஞாயித்துக்கிழம அந்தச் சந்துக்குள்ள பக்கவாட்டுல நின்னு அளவெடுத்தேன். லூவர் அப்படித்தான் இருக்கு."

"ஆஆ," என்றேன், மறுப்பாக.

"பாத்தீங்களா, நீங்களே ஒத்துக்கறீங்க."

"ஆ!"

"பல்லுக்கு அச்செடுக்கறப்போ நான் இருக்கற பல்லத்தான் எடுப்பேன். இருக்க வேண்டிய பல்ல எடுத்தா அது வாய்க்குள்ள உக்காராது. நாலு வருஷம் ஐயா. சரியில்லன்னு சொல்லுங்க, பரவால்ல. பொய்னு சொல்லாதீங்க."

எல்லாவற்றையும் வெளியே எடுத்த பிறகு, லூவரின் சாய்வு, மழைநீரின் போக்கு, முப்பத்தொரு வருட அனுபவம் ஆகியவற்றை அவருக்குப் பத்து நிமிடம் விளக்கினேன். பாதி வாய் மரத்துப்போயிருந்ததால் எனக்கே ஒன்றும் புரியவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குச் சூடாக எதுவும் குடிக்க வேண்டாம் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது போலத் தெரிந்தது. ஆனால் அறிக்கை என்பது கண்ணைப் பார்த்து எழுதுவதல்ல.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் வீட்டுக்காரி கேட்டாள், "நாலு தெரு தள்ளி நிக்குது. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்து எழுதினா என்ன?"

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? நானூத்திப் பதினேழ நான் கண்ண மூடிட்டுச் சொல்வேன்."

"கண்ண மூடிட்டுத்தானே சொல்லிட்டிருக்கீங்க," என்றாள்.

பெண்களுக்கு லூவர் பற்றி என்ன தெரியும் என்று நான் உட்கார்ந்து அறிக்கையை எழுதி முடித்தேன். ஆகவே சகலை அவர்களே, கம்பெனியின் மாதிரியைத் தேர்ந்தெடுப்பதென்றும், டாக்டரின் மாதிரியைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்புவதென்றும் அறிக்கையில் பரிந்துரைத்திருக்கிறேன். பழைய விஷயத்தில் நமக்குள் எவ்வளவு இருந்தாலும், வேலை விஷயத்தில் தாங்கள் நேர்மையானவர் என்பதை நான் எங்கும் மறுத்ததில்லை, அந்தக் கதவு ஒன்றைத் தவிர. கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்கும்படி அனுப்பவும். கடிதம் எதுவும் கூட எழுத வேண்டாம், கையெழுத்து மட்டும் போதும்.

தங்கள் முழங்கால் குணமாகி மாடிப்படி ஏறவும், குளியலறைக் குழாய்க்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஓர் ஆள் கிடைக்கவும், தங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் இருக்கவும் மனதார விரும்பும்,

தங்கள் சகலை,
முன்னாள் ஃபோர்மேன், டீசல் ஷெட்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டுவிட்டுத் தபால்தலை டப்பாவைத் தேடினேன். அந்த டப்பாவை உன் மனைவியின் அக்கா கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் தருவேன் என்றாள். இன்று காலை இருவரும் போனோம். மேடைக்கும் டிப்போ சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில் டாக்டர் போகலாம், நான் போக முடியாது. வயிற்றை எக்கிக்கொண்டு நான் நுழைய, அவள் பின்னாலிருந்து தள்ள, எப்படியோ போய்ச் சேர்ந்து நிமிர்ந்து பார்த்தேன். லூவர் தலைகீழாக இருக்கிறது. மேலே புருவம் இருக்கிறது. லூவர் ஆடாமல் இருக்க இரண்டு மூலையிலும் வெல்டு வைத்திருக்கிறது. வெல்டு வைத்தவன் பக்கத்திலேயே தன் டோக்கன் நம்பரைக் குத்த வேண்டும் என்பது நம் ஷெட் வழக்கமல்லவா, குத்தியிருக்கிறது. அறுபத்திரண்டு.

"என்னங்க," என்று அவள் பின்னாலிருந்து கேட்டாள், "அது உங்க சாப்பாட்டு டப்பால இருக்கற நம்பர்தானே?"

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. மழைக்கு இரண்டு நாள் முன்னால். அன்று ஏணி உன்னிடம் இருந்தது. உன்னிடம் கேட்கச் சோம்பல்பட்டு, நான் எஞ்சின் கூரைமேல் குப்புறப் படுத்து, தலையைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு அந்தத் தட்டியைப் பொருத்தி வெல்டு வைத்தேன். தலைகீழாகத் தொங்கியவன் கண்ணுக்கு அது நேராகத்தான் இருந்தது.

புருவத்திலும் நம்பர் இருக்கிறது. எண்பத்தெட்டு. பக்கத்தில் தேதி. விசாரணை முடிந்து பதினோரு நாள் கழித்து, உன்னை மாற்றிய உத்தரவு வந்த வாரம். அந்த ரிவெட் வேலையைப் பார்த்தால் நம்பரே வேண்டியதில்லை, அப்படி அடிக்க அந்த ஷெட்டில் உன்னை விட்டால் ஆள் கிடையாது. வெல்டை வெட்டித் தட்டியைத் திருப்பினால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும், விசாரணையில் நான் சொன்னது பொய்யென்று ஆகும், என் வேலையே போயிருக்கும். அதனால் நீ ஒரு தகட்டை வெட்டி மேலே அடித்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நூறு மைல் போய்விட்டாய். நாற்காலி கிடைத்த பிறகு நான் எந்த எஞ்சின்மேலும் ஏறவில்லை. ஏறியிருந்தால் பார்த்திருப்பேன். ஏன்யா ஒரு வார்த்தை சொல்லவில்லை? எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தச் சந்திலிருந்து வெளியே வர எனக்குக் கால் மணி நேரம் ஆனது, அதற்கு வயிறு மட்டும் காரணமில்லை.

மேலே இருக்கிற கடிதத்தைக் கிழித்துப் போடப் போனேன். அவள் விடவில்லை. "அப்படியே அனுப்புங்க. எப்படியெல்லாம் பேசினீங்கன்னு அவரும் படிக்கட்டும்," என்றாள். அதனால் அப்படியே அனுப்புகிறேன். பதினோரு பக்கத்தில் ஏழாம் பக்கத்தை மட்டும் வைத்துக்கொள், தண்ணீர் எந்த வழியாகப் போனது என்பதற்கு நானே படம் போட்டுக் கையெழுத்திட்ட அத்தாட்சி அது. அதன் நகல் ஒன்றை, நடந்ததை எழுதி, பழைய கோப்பில் சேர்க்கச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்கும் இன்றே அனுப்பிவிட்டேன். டாக்டரிடமும் போய்ச் சொல்லிவிட்டேன், நூற்றுக்கு நூறு என்று. புது அறிக்கை ஒரே வரி: 'அங்கே என்ன இருக்கிறதோ, அதுவே இங்கும் இருக்கிறது.' மேலே உன் கையெழுத்துக்கு இடம் விட்டு, நான் கீழே போட்டிருக்கிறேன். ஃபோனில் தங்கையிடம் எதுவும் சொல்லக் கூடாது, நான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன், ஆகவே இதைப் படிக்கும்போது உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். வியாழக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். கதவைத் திறந்தால் உள்ளே வருகிறேன், திறக்காவிட்டால் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், அதற்கு எனக்கு இப்போது நேரம் இருக்கிறது.

இன்னொன்று. அந்த ஏழு ரிவெட்டில் ஐந்தாவது மூன்று மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளி இருக்கிறது. வெர்னியர் வைத்தே பார்த்துவிட்டேன். அறிக்கையில் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவும் மாட்டேன்.